கூரைத் தட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது?

கேள்வி: மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன், அண்ணே. எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) புலன (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு காணொளி சுற்றிக்கொண்டிருக்கிறது. செயற்கைக்கோள் என்று வானத்தில் எதுவுமே கிடையாது, எல்லாம் பலூனும் கோபுரமும் கடலடிக் கம்பியும்தான் என்கிறார்கள். படிவம் நான்கில் படிக்கும் என் அக்காள் மகன் அதை அப்படியே நம்புகிறான். "செயற்கைக்கோள் உண்மை என்றால் எம்எச்370 விமானத்தை ஏன் கண்டுபிடிக்கவில்லை?" என்று அவன் கேட்டபோது எனக்கும் பதில் வரவில்லை. அவனுக்கு என்ன சொல்வது?

பதில்:

தம்பி, பையனைத் திட்ட வேண்டாம். அதே நேரத்தில் அவனிடம் நாசா படங்களைக் காட்டி வாதாடவும் வேண்டாம். நாசாவே புளுகுகிறது என்பவனிடம் நாசாவின் படத்தை நீட்டினால், "கணினியில் வரைந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவான். ராக்கெட் விடுகிற நாடுகளின் பேச்சைக் கூடுமானவரை ஒதுக்கிவிட்டு, நம் ஊரில் நின்றுகொண்டே சரிபார்க்கக்கூடியவற்றைச் சொல்கிறேன். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே உள்ள தோட்டங்களிலும் தாமான்களிலும் ஆஸ்ட்ரோ என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சியின் தட்டு பொருத்திப் பிழைத்தவன் நான். கூரையில் இருந்து தொடங்குவதுதான் எனக்கு வசதி.

ஆஸ்ட்ரோ 1996-இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு ஜனவரியில், தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் இருந்து மியாசாட்-1 செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அந்த வரிசையில் ஆஸ்ட்ரோவைத் தரும் செயற்கைக்கோள்கள் நிற்கும் இடம் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகை. வரைபடத்தில் பார்த்தால் சுமத்திராவுக்கு மேற்கே, இந்தியப் பெருங்கடலில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வரும். சுங்கை சிப்புட்டில் நின்று அந்த இடத்தை நோக்க வேண்டுமானால், மேற்கில் இருந்து சற்றுத் தெற்கே திரும்பி, தொடுவானத்தில் இருந்து 77 பாகை உயரத்துக்கு அண்ணாந்து பார்க்க வேண்டும். ஏறக்குறைய உச்சி வானம்.

"நம் வீட்டுத் தட்டு அவ்வளவு அண்ணாந்து இருப்பதாகத் தெரியவில்லையே" என்பான் பையன். நியாயமான கேள்வி. நம் வீட்டுத் தட்டுகளில் அலையை வாங்கும் எல்என்பி நடுவில் இருப்பதில்லை. கீழ்ப்பக்கத்தில் இருந்து நீளும் கையின் நுனியில் இருக்கிறது. இந்த வகைத் தட்டு, தன் முகம் காட்டும் திசையைவிட இருபது பாகைக்கும் மேல் உயரத்தில் இருந்து வரும் அலையைத்தான் அந்த நுனியில் குவிக்கும். சுவரைப் போல் நிமிர்ந்து நிற்கும் தட்டுகூட வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். தட்டு பொருத்தக் கற்றுக்கொள்ளும் எவருக்கும் முதல் நாளிலேயே குழப்பம் தருவது இதுதான்.

இப்போது கோபுரக் கதைக்கு வருவோம். ஆஸ்ட்ரோ வருவதற்கு முன் உள்தோட்டங்களில் தொலைக்காட்சி பார்த்தவர்களைக் கேளுங்கள். லயத்து வீட்டுக்கு மேல் நீண்ட மூங்கிலோ இரும்புக் குழாயோ நட்டு, அதன் உச்சியில் ஏரியலைக் கட்டி, ஒருவர் கூரையில் நின்று திருப்ப, இன்னொருவர் உள்ளே இருந்து "வருகிறது, வருகிறது, போய்விட்டது" என்று கத்துவார். நம் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னால் இருக்கும் தோட்டங்களில் அந்தப் படம் கடைசிவரை தெளியவே இல்லை, ஏனென்றால் கோபுரத்தின் அலை குன்றில் முட்டி நின்றுவிடும். அதே லயத்தில் தட்டு வைத்தால் குன்று ஒரு பொருட்டே இல்லை. அலை பக்கவாட்டில் வரவில்லை. தலைக்கு மேலே இருந்து இறங்குகிறது.

அதனாலேயே தட்டுக்காரனுக்கு எதிரி குன்று அல்ல, மரம். நன்றாக வந்துகொண்டிருந்த படம் ஓராண்டு, ஈராண்டு கழித்து விட்டுவிட்டு வருகிறது என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பெட்டியிலும் கம்பியிலும் குறை இருக்காது. வீட்டின் மேற்குப் பக்கத்தில் நட்ட மாமரமோ ரம்புத்தானோ வளர்ந்து, தட்டுக்கு மேலே கிளையைப் பரப்பியிருக்கும். அந்தக் கிளையை வெட்டினால் படம் திரும்பிவிடும். கோபுரம் இருக்கும் திசையில் எத்தனை மரம் வளர்ந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. இதை உலகம் உருண்டை என்று நம்பும் தட்டுக்காரனும் பார்த்திருக்கிறான், நம்பாதவனும் பார்த்திருக்கிறான். நம்பாதவனும் கிளையைத்தான் வெட்டுவான்.

சரி, கோபுரம் இல்லை. தலைக்கு மேலே பலூன் மிதக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காணொளிக்காரர்களுக்குப் பிடித்த விளக்கம் இது. உயரத்தில் பறக்கும் பலூன்கள் பல 30 கிலோமீட்டரை ஒட்டி மிதக்கும். நம் ஊர்த் தட்டின் 77 பாகைக் கோணத்தை வைத்துக் கணக்குப் போட்டால், அந்தப் பலூன் நமக்கு மேற்கே 7 கிலோமீட்டருக்குள் மிதக்க வேண்டும். கோலகங்சார் நேர்க்கோட்டில் நமக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர். பலூன் இரண்டு ஊர்களுக்கும் நடுவில் வந்துவிடுகிறது. அப்படியானால் கோலகங்சார் வீட்டுத் தட்டுகள் அதைப் பார்க்கக் கிழக்கே திரும்பியிருக்க வேண்டும், ஈப்போ தட்டுகள் வடக்கே திரும்பியிருக்க வேண்டும். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே பாருங்கள். மூன்று ஊர்த் தட்டுகளும் ஒரே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அலை வரும் இடம் ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிடப் பன்மடங்கு தொலைவில் இருந்தால்தான் இது நடக்கும்.

எவ்வளவு தொலைவு? அதற்கு இன்னும் விலகி நிற்கும் தட்டுகள் வேண்டும். கோத்தா கினபாலுவில் அதே 91.5 பாகை இடத்தை நோக்கும் தட்டு சுமார் 60 பாகை உயரத்துக்குத்தான் அண்ணாந்திருக்கும், கூச்சிங்கில் 68. கிழக்கே போகப் போகத் தட்டு சாய்ந்துகொண்டே போகிறது. மேற்கே போனால் இன்னும் சுவையான ஒன்று நடக்கிறது. இந்தியாவின் இன்சாட்-4பி செயற்கைக்கோள் 2010 ஜூலையில் மின்சக்திக் கோளாறில் பழுதுபட்டபோது, சன் டைரக்ட் தன் ஒளிபரப்பை மியாசாட்-3-க்கு மாற்றிக்கொண்டது. அதே 91.5 பாகை. அதனால் பல ஆண்டுகளாகச் சென்னையில் உங்கள் சித்தப்பா வீட்டு மாடியில் இருந்த தட்டும், இங்கே தகரக் கூரையில் இருக்கும் நம் தட்டும் வானத்தின் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. நம்முடையது மேற்கே பார்க்கிறது. சென்னைத் தட்டு தென்கிழக்கே, 70 பாகை உயரத்துக்குப் பார்க்கும். இரண்டு ஊருக்கும் இடையே 2,400 கிலோமீட்டருக்கும் மேல். 30 கிலோமீட்டர் உயரத்துப் பலூனை 600 கிலோமீட்டர் சொச்சத்துக்கு அப்பால் இருந்து பார்க்கவே முடியாது, பூமியின் வளைவுக்குக் கீழே போய்விடும்.

பையன் ஒரு தாளில் பூமியை வட்டமாக வரைந்து, சென்னை, சுங்கை சிப்புட், கோத்தா கினபாலு மூன்றையும் குறித்து, தட்டுகளின் கோணத்தில் கோடு இழுக்கட்டும். கோடுகள் பூமியின் விட்டத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு தொலைவில் போய்ச் சந்திக்கும். கையால் அளந்த கோணத்தில் ஒரு பாகை முன்னே பின்னே இருக்கும், அதனால் விடையும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஆடும். இருந்தாலும் முப்பது கிலோமீட்டரா, முப்பதாயிரமா என்ற சண்டை தீர்ந்துவிடும்.

தட்டையான பூமியை வரைந்து, அதில் அதே கோணங்களைப் போட்டுப் பார்க்கவும் சொல்லுங்கள். கோடுகள் ஒரே இடத்தில் சேர மறுக்கும். செயற்கைக்கோள் இல்லை என்று அடித்துப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் ஏன் தட்டைப் பூமிக்காரர்களாகவும் இருக்கிறார்கள் என்பது அப்போது புரியும். உருண்டையைச் சுற்றிவரும் ஒன்றை ஒப்புக்கொண்டால் உருண்டையையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் அல்லவா?

படிவம் நான்கு என்றீர்கள். அவனுடைய இயற்பியல் புத்தகத்தில் ஈர்ப்பைப் பற்றிய பாடம் இருக்கிறது. கெப்லர் விதியும் இருக்கும். நிலாவை எடுத்துக்கொள்ளுங்கள். நிலா இருப்பதை இன்னும் எந்தக் காணொளியும் மறுக்கவில்லை என்று நினைக்கிறேன். அது 3,84,400 கிலோமீட்டர் தொலைவில், 27.3 நாளில் பூமியைச் சுற்றுகிறது. ஒரே நாளில் சுற்ற வேண்டுமானால் ஒரு பொருள் எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும்? காலத்தின் இருபடி, தூரத்தின் முப்படிக்கு ஏற்ப மாறும். 27.3-இன் முப்படி மூலம் ஏறக்குறைய 3, அதன் இருபடி 9. நிலாவின் தூரத்தை 9-ஆல் வகுத்தால் பூமியின் மையத்தில் இருந்து சுமார் 42,700 கிலோமீட்டர். பூமியின் ஆரம் 6,400-ஐக் கழித்தால் 36,000 சொச்சம். பூமத்திய ரேகைக்கு மேல் அந்த உயரத்தில் கிழக்கு நோக்கிச் சுற்றும் பொருள், பூமியோடு சேர்ந்தே திரும்புவதால் நம் கண்ணுக்கு நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால்தான் நம் தட்டை ஒருமுறை திருகி வைத்தால் போதும். நிலாவைக் கொண்டு போட்ட கணக்கும், கூரைத் தட்டைக் கொண்டு போட்ட கணக்கும் ஒரே விடையின் பக்கம் வருகின்றன. நாசாவை எங்கேயும் கூப்பிடவில்லை, பாருங்கள். புத்தகம் தரும் துல்லியமான எண் 35,786 கிலோமீட்டர்.

"அவ்வளவு உயரத்தில் இருந்து விழாமல் எப்படி நிற்கிறது?" விழுந்துகொண்டுதான் இருக்கிறது. எந்தப் பொருளும் முதல் ஒரு நொடியில் சுமார் 5 மீட்டர் விழும். பூமியின் பரப்பும் 8 கிலோமீட்டருக்கு 5 மீட்டர் வீதம் வளைந்து இறங்குகிறது. காற்று இல்லாத உயரத்தில் நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் போனால், விழும் அளவுக்குத் தரையும் கீழே இறங்கிக்கொண்டே போகும். மேலே போகப் போகத் தேவையான வேகம் குறையும். 36,000 கிலோமீட்டரில் நொடிக்கு 3 கிலோமீட்டர் போதும்.

ஸ்ரீஹரிகோட்டா சென்னைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். அங்கிருந்து கிளம்பும் ராக்கெட்டைச் சென்னைக்காரர்கள் மொட்டை மாடியில் நின்றே பார்க்கிறார்கள். அது சிறிது உயரம் போனதும் கடல் பக்கமாக வளைந்துவிடும். "பார்த்தீர்களா, வளைந்து கடலில் விழுகிறது" என்று அதற்கும் ஒரு காணொளி உண்டு. நேர் மேலே மட்டும் போனால்தான் எரிபொருள் தீர்ந்ததும் திரும்பி விழும். அந்தப் பக்கவாட்டு வேகத்தைச் சேர்ப்பதற்காகத்தான் வளைகிறது.

மழையைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வானம் கறுத்தால் ஆஸ்ட்ரோ போய்விடும், கதாநாயகி அழத் தொடங்கும் இடத்தில் சரியாகப் போகும். இதையும் பொய்க்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் இது எங்கள் பக்கத்துச் சாட்சி. தட்டு வாங்கும் அலையின் நீளம் இரண்டரை செண்டிமீட்டர் அளவு. கனத்த மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் வீணாக்கிவிடும். கோபுரத்தில் இருந்து வரும் மைஃப்ரீவியூ ஒளிபரப்பின் அலை அரை மீட்டரை ஒட்டியது; மழை அதைச் சட்டை செய்யாது. அடுத்த அடைமழையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே கோபுரத்தில் இருந்து வருகின்றன என்றால் ஒன்று மட்டும் ஏன் சாக வேண்டும்?

ஆண்டுக்கு இருமுறை, வெயில் கொளுத்தும் நாளில்கூடப் படம் போகும். மார்ச்சின் பிற்பகுதியிலும் செப்டம்பரின் பிற்பகுதியிலும், பிற்பகல் இரண்டு மணியை ஒட்டிச் சில நிமிடங்கள், தொடர்ந்து சில நாட்கள். சூரியன் அப்போது செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. சூரியனும் வானொலி அலைகளை வீசுவதால் அந்த இரைச்சலில் செயற்கைக்கோளின் மெல்லிய குரல் அமுங்கிவிடுகிறது. ஒளிபரப்பு நிறுவனங்கள் இதை முன்கூட்டியே அறிவிக்கின்றன. அந்த நேரத்தில் கூரைக்கு ஏறினால், தட்டில் பட்ட வெயில் எல்என்பியின் மூக்கிலேயே குவிந்து கண்ணைக் கூசச் செய்வதைப் பார்க்கலாம். சென்னையில் அதே இடத்தை நோக்கும் தட்டுக்கு இது முற்பகலில் நடக்கும். மியாசாட் உச்சிக்கு மேற்கே நமக்கு, கிழக்கே அவர்களுக்கு. கோணக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது.

காணொளி சொல்லும் மற்றவற்றில் பாதி உண்மை இருப்பதால்தான் அவை எடுபடுகின்றன. அந்தப் பாதியை நாம் முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

கடலடிக் கம்பி: உண்மைதான். கண்டம் விட்டுக் கண்டம் போகும் இணையப் போக்குவரத்தில் 95 விழுக்காட்டுக்கும் மேல் கடலடிக் கண்ணாடி இழைகளில்தான் போகிறது. சென்னையையும் மலாக்காவையும் தொட்டுச் செல்லும் கம்பிகூட உண்டு. கம்பி மலிவு, கொள்ளளவு அதிகம், தாமதம் குறைவு. 36,000 கிலோமீட்டர் மேலே போய் இறங்க அலைக்குக் கால் நொடி ஆகும். அந்தக் காலத்தில் இந்தியாவுக்குத் தொலைபேசியில் பேசியவர்களுக்கு நினைவிருக்கும்: "நலமா?" என்று கேட்டுவிட்டு ஒரு கணம் காத்திருக்க வேண்டும், இருவரும் ஒன்றாகப் பேசி இருவரும் ஒன்றாக நிறுத்துவார்கள். கேள்வி போகக் கால் நொடி, பதில் வரக் கால் நொடி; அந்த அரை நொடிதான் அலை போய்வந்த நேரம். குவாந்தானில் 1970-இல் திறக்கப்பட்ட தரை நிலையம் இத்தகைய அழைப்புகளுக்காகக் கட்டப்பட்டது. கம்பி வந்தபிறகு தொலைபேசி கம்பிக்குப் போனது; ஒரே நேரத்தில் பல லட்சம் வீடுகளுக்கு ஒரே படத்தைத் தூவும் வேலை செயற்கைக்கோளிடம் தங்கியது. இரயில் இருப்பதால் கப்பல் பொய் என்று யாரும் சொல்வதில்லை.

பலூன்: அதுவும் உண்மை. நாசா பெரிய பலூன்களைப் பறக்கவிடுகிறது, அவை சில வேளை வயல்களில் வந்து விழுகின்றன, அவற்றில் நாசாவின் பெயரும் ஒட்டியிருக்கும். யாரும் மறைக்கவில்லை. நாசா ஏராளமாக ஹீலியம் வாங்குவதும் உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு ராக்கெட்டின் திரவ ஹைட்ரஜன் தொட்டிகளையும் குழாய்களையும் சுத்தப்படுத்தவும் அழுத்தம் கொடுக்கவும் போகிறது. அந்தக் குளிரில் வேறு வாயுவைச் செலுத்தினால் உறைந்து கட்டியாகிவிடும். வேடிக்கை என்னவென்றால் விண்வெளிக்கே ஒரு பலூன் போயிருக்கிறது. 1960-இல் ஏவப்பட்ட எக்கோ-1, முப்பது மீட்டர் விட்டமுள்ள பளபளக்கும் பலூன். பூமியைச் சுற்றிக்கொண்டே அலைகளைத் திருப்பி அனுப்பியது; வெறுங்கண்ணுக்கே தெரிந்தது.

வெப்பம்: "காற்று மண்டலத்தின் மேலடுக்கில் 2,000 பாகை வெப்பம், அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும், அப்புறம் எப்படிச் செயற்கைக்கோள்?" இரண்டு எண்களும் சரி. ஆனால் அங்கே காற்று இல்லை என்று சொல்லும் அளவுக்கு அது மெலிந்துவிட்டது. சூடான துகள்கள் மிகச் சில. அவை முட்டித் தரும் வெப்பம் அற்பம். தீபாவளி மத்தாப்பின் பொறி ஆயிரம் பாகைக்கு மேல் சூடானது, ஆனாலும் பிள்ளைகளின் கையில் பட்டால் சுடுவதில்லை.

இனி எம்எச்370. இதை நக்கலாகவோ வெற்றிக் களிப்போடோ பேசக்கூடாது. 2014 மார்ச் 8 அன்று 239 பேரோடு கோலாலம்பூரில் இருந்து பெய்ஜிங் கிளம்பிய விமானம். அந்தக் குடும்பங்கள் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கின்றன. பையனின் கேள்விக்கு இரண்டு பகுதி.

ஒன்று, செயற்கைக்கோள்கள் ஏன் அதைப் படம் பிடிக்கவில்லை? வானத்தில் இருந்து யாரோ இருபத்துநான்கு மணி நேரமும் உலகம் முழுவதையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் சினிமா கொடுத்தது. நுணுக்கமாகப் படம் எடுக்கும் செயற்கைக்கோள்கள் தாழ்வாகப் பறப்பவை. ஒரு நேரத்தில் சில பத்துக் கிலோமீட்டர் அகலப் பட்டையைத்தான் பார்க்கும், அதையும் பெரும்பாலும் நிலத்தின் மேல், பகலில். உயரத்தில் நின்று அரைக்கோளத்தையே பார்க்கும் வானிலைச் செயற்கைக்கோளின் படத்தில் அன்று ஒரு புள்ளியே ஒரு கிலோமீட்டர் அகலம். அந்தப் போயிங் 777-இன் நீளம் 64 மீட்டர்.

இரண்டாவது பகுதிதான் முக்கியம். அந்த விமானம் தெற்கே போனது என்று நமக்கு எப்படித் தெரியும்? இராணுவ ரேடார் கடைசியாக அதைக் கண்டது அதிகாலை 2.22-க்கு, மலாக்கா நீரிணையின் வடக்கே. அதற்குப் பிறகு தெரிந்தவை எல்லாம் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் நின்ற ஓர் இன்மார்சாட் செயற்கைக்கோள் வழியே வந்தவை. விமானத்தில் இருந்த கருவி ஏறத்தாழ மணிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று மட்டும் பதில் சொன்னது. கடைசிச் சைகை காலை 8.19-க்கு. அந்தப் பதில் வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு விமானம் செயற்கைக்கோளில் இருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டார்கள். அலைவரிசையின் நுண்ணிய மாற்றத்தைக் கொண்டு வடக்கா, தெற்கா என்று பிரித்தார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதி என்று விடை வந்தது. அப்போது கையில் ஒரு துண்டுகூடக் கிடைத்திருக்கவில்லை. 2015 ஜூலையில் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே ரீயூனியன் தீவில் அந்த விமானத்தின் இறக்கைப் பகுதி ஒதுங்கியது. பிறகு மொரீஷியஸ், மொசாம்பிக், தான்சானியா கரைகளிலும் துண்டுகள் கிடைத்தன. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் விழுந்த பொருளைக் கடலோட்டம் கொண்டுபோகும் பக்கம் அதுதான். செயற்கைக்கோள் பொய் என்றால், அதன் கணக்கு சொன்ன கடலுக்கு எதிர்க்கரையில் துண்டு வந்து சேர்ந்ததை விளக்க வேண்டிய கடமை காணொளிக்காரருக்கு. விமானத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது பெரும் துயரம். தேட வேண்டிய கடல் எது என்று சொன்னதே செயற்கைக்கோள்தான்.

கைப்பேசியில் இடம் காட்டுவதும் கோபுரத்தால்தான் என்பார்கள். கோபுரம் துணை செய்கிறது, உண்மை. அடுத்தமுறை கோலாலம்பூரில் இருந்து திருச்சிக்குப் பறக்கும்போது ஜன்னலோரம் உட்காருங்கள். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்து, விமானப் பயண நிலைக்கு மாற்றிவிட்டு, கைப்பேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் வங்காள விரிகுடாவின் நடுவே நீலப் புள்ளி நகரத் தொடங்கும். அந்தக் கடலில் கோபுரம் நட்டவர் யார்? குறைந்தது நான்கு ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சைகையைக் கைப்பேசி பிடித்திருக்கிறது. அவை சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு விஷயம். நம் பிள்ளைகள் இப்படிப்பட்ட காணொளிகளை நம்புவதற்குப் படிப்புக் குறைவு காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோட்டத்தை விற்கப் போவதில்லை என்றார்கள், விற்றார்கள். வீடு வரும் என்றார்கள், அதற்காகக் காத்திருந்தே கிழவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். மேலிடம் எதைச் சொன்னாலும் பின்னால் ஏதோ இருக்கிறது என்று நினைக்க நம் ஆட்களுக்குக் காரணம் உண்டு. அந்தச் சந்தேகத்தைப் பிடுங்கி எறிய நான் சொல்ல மாட்டேன். ஆனால் சந்தேகத்தைக் காணொளிக்காரர்மேலும் சமமாகக் காட்ட வேண்டும். அவர் ஒரு தட்டின் கோணத்தையாவது அளந்தாரா? அளந்து காட்டியதை நான் பார்த்ததில்லை.

கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. அனைத்துலக விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், 90 நிமிடம் சொச்சத்துக்கு ஒருமுறை உலகைச் சுற்றுகிறது. நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபார் 2007 அக்டோபரில் போனது அங்கேதான். அதன் அகலம் 109 மீட்டர். எந்த நாள், எந்த நேரம், எந்தத் திசையில் இருந்து எழும் என்று சொல்லும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. மாலை எட்டு மணி வாக்கில், தெருவிளக்கு இல்லாத செம்பனைத் தோட்டத்துச் சாலைக்குப் போய் நில்லுங்கள். விமானத்தைப் போல் சிவப்பு, பச்சை என்று மினுக்காமல், ஒரே வெள்ளை ஒளியாக மேற்குப் பக்கத்தில் இருந்து கிளம்பி, நான்கைந்து நிமிடத்தில் வானத்தைக் கடக்கும். பல நாட்களில் கிழக்குத் தொடுவானம் வரை போகாது. நடு வானத்திலேயே சிவந்து மங்கி மறைந்துவிடும், மேகமே இல்லாவிட்டாலும். பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது. சொந்த விளக்குள்ள எதுவும் அப்படி மறையாது. அது மறையும் நொடியைக்கூடச் செயலி முன்பே சொல்லிவிடும்.

சரவாக் மக்களுக்கு இதைவிடப் பெரிய காட்சி கிடைத்தது. 2022 ஜூலை 31, நள்ளிரவு தாண்டி முக்கால் மணி. கூச்சிங் வானத்தில் சிவப்பும் நீலமுமாகத் தீத்துண்டுகள் வரிசையாக ஊர்ந்து போயின. எரிகல் என்று நினைத்துப் பலர் படம் பிடித்தார்கள். சீனா ஒரு வாரம் முன்னால் தன் விண்வெளி நிலையத்துக்குப் பகுதி கொண்டுபோன லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் உடல் அது, சுற்றிச் சுற்றித் தாழ்ந்து எரிந்து விழுந்தது. பலூன் விழுந்தால் அப்படி எரியாது.

பையனோடு செய்ய ஒரே ஒரு வேலை தருகிறேன். அடுத்த பள்ளி விடுமுறையில் தாமானைச் சுற்றி நடந்து, பத்துப் பதினைந்து வீட்டுத் தட்டுகள் எந்தத் திசை நோக்குகின்றன என்று கைப்பேசித் திசைகாட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். கோலகங்சாரிலும் ஈப்போவிலும் உறவினர் இருந்தால் அவர்களையும் குறிக்கச் சொல்லுங்கள். சாய்வை அளக்க ஒரு பாகைமானியும், நூலில் கட்டிய திருகாணியும் போதும். அளந்த கோணத்தோடு நான் முன்பு சொன்ன இருபது பாகைச் சொச்சத்தைக் கூட்ட மறக்க வேண்டாம். திசைகாட்டியைத் தகரக் கூரைக்கும் இரும்புக் கம்பத்துக்கும் பக்கத்தில் வைத்தால் ஊசி கோணலாகக் காட்டும். இரண்டு மூன்று எட்டு தள்ளி, தட்டின் கைக்கு நேர் எதிரே நின்று பார்க்கச் சொல்லுங்கள். கைவிடப்பட்ட பழைய தட்டுகளைச் சேர்க்க வேண்டாம், காற்று அவற்றை எப்போதோ திருப்பியிருக்கும். இப்போது படம் வருகிற வீட்டுத் தட்டுதான் கணக்கு.